மேடையிலிருந்து வேதாள உலகம் வரை

குன்னத்துகால், பாறசாலைப் பகுதிகளில் வளரும் பிள்ளைகள் கள்ளியங்காட்டு நீலியின் கதையைக் கேட்டிருப்பர். நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டில் வழிப்போக்கரை மயக்கிக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்த யட்சியை மலையாளக் கதைகளும் அறியும். தென்குமரி வில்லுப்பாட்டும் அறியும். பேயும் ஆவியும் வேதாளமும் உலவும் இத்தகைய கதைகளைக் கற்றோர் கூடும் நாடக அரங்குக்கும், பின்னர்த் திரைக்கும் கொண்டுசென்றவர்களுள் பம்மல் சம்பந்த முதலியார் குறிப்பிடத்தக்கவர்.

அவர் 1873-ஆம் ஆண்டு சென்னையில் விஜயரங்க முதலியாருக்கும் மாணிக்கவேலம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். ஆங்கில நூல்களில் தோய்ந்த அவருக்கு இளமையில் தமிழ் நாடகம் என்றாலே வெறுப்பு. அதில் வியப்பில்லை. அக்காலக் கூத்துகள் விடிய விடிய நடைபெற்றன. நடிப்போரைக் கூத்தாடிகள் என்று ஊரார் இகழ்ந்தனர். படித்த குடும்பத்தார் தம் பிள்ளைகளை மேடையின் பக்கமே விடுவதில்லை.

அவருடைய எண்ணத்தை மாற்றியது ஒரு தமிழ் நாடகமன்று, தெலுங்கு நாடகம். 1891-ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த சரச விநோதினி சபையார் நடித்ததை அவர் கண்டார். அக்குழுவின் தலைவர் கிருஷ்ணமாச்சார்லு ஒரு வழக்கறிஞர். மதிப்புமிக்க மனிதர்கள் தம் தாய்மொழியில் இவ்வளவு சிறப்பாக நடிக்கும்போது தமிழில் ஏன் இயலாது என்னும் கேள்வி பதினெட்டு வயது இளைஞரின் உள்ளத்தில் எழுந்தது. அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார். குறித்த நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடியும் நாடகங்களை எழுதினார், தாமே நடித்தார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் கூச்சமின்றி அரிதாரம் பூசிக்கொண்டனர்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அவர் ‘அமலாதித்யன்’ ஆக்கினார். கொலையுண்ட மன்னனின் ஆவி இரவில் தோன்றி, தன்னைக் கொன்றவன் யார் என மகனிடம் கூறுகிறது. ஆவியின் சொல்லை நம்பலாமா, அது தன்னை ஏய்க்கிறதா என்று இளவரசன் தவிக்கிறான். அவ்வேடத்தை ஏற்றவர் சம்பந்தனாரே. அவரோ பகலில் வழக்கு மன்றத்தில் சாட்சிகளை உசாவும் வழக்கறிஞர்! சான்றின்றி எதையும் ஏற்கக்கூடாத தொழிலைச் செய்தவர், ஆவி சொன்ன சாட்சியத்தால் அலைக்கழியும் மனத்தை மேடையில் காட்டினார். அச்சம் என்பது வெளியே நிற்கும் உருவத்தில் இல்லை, காண்பவன் உள்ளத்தில் இருக்கிறது என்பதை அந்நாடகம் உணர்த்தும். சூனியக்காரிகள் வரும் மாக்பெத்தை ‘மகபதி’ எனத் தமிழாக்கினார். மற்றொரு நாடகத்திற்குப் ‘பேயல்ல பெண்மணியே’ என்று பெயரிட்டார். அத்தலைப்பே ஒரு கதை சொல்கிறது. நீலியைப் பற்றிக் கேட்கும்போதும் அதனை நினைத்துப் பார்க்கலாம்.

பின்னர்ச் சிறுவழக்கு மன்ற நீதிபதியாகப் பணியாற்றி 1928-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப்பின் பலர் திண்ணையில் அமர்வர். அவர் பேசும்படத்திற்குச் சென்றார். தென்னாட்டில் படப்பிடிப்பு நிலையங்கள் அரிதாயிருந்த காலம் அது. எனவே தமது அறுபதாம் வயதைக் கடந்தபின் கல்கத்தாவுக்குச் சென்று, 1934-இல் வெளிவந்த ‘சதி சுலோசனா’ படத்தை இயக்கினார். ‘ரத்னாவளி’, ‘சபாபதி’ முதலிய அவருடைய நாடகங்களும் படங்களாயின. திரையுலகில் கண்டவற்றைப் ‘பேசும்பட அனுபவங்கள்’ என்னும் நூலாக எழுதிவைத்தார்.

1948-இல் ஏ. வி. மெய்யப்பன், சம்பந்தனாரின் ‘வேதாள உலகம்’ நாடகத்தைப் படமாக்கினார். டி. ஆர். மகாலிங்கம் அதில் நடித்தார். திருவிதாங்கூர் சகோதரியர் எனப் புகழ்பெற்ற லலிதாவும் பத்மினியும் நடனமாடினர். அவர்கள் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர்கள். பாறசாலையிலிருந்து தொலைவில்லாத ஊர். இன்றைய திகில் படங்களைப்போல் நடுங்கவைப்பதற்காக எடுக்கப்பட்டதன்று அப்படம். வேதாளங்களுடன் பாட்டும் ஆட்டமும் கலந்த கதை. ஆயினும் மேடையில் திரைச்சீலைக்குப் பின்னிருந்து வரவேண்டியிருந்த மாய உலகத்தை, ஒளிப்படக் கருவி மிக எளிதாக மக்கள் கண்முன் நிறுத்தியது.

1954-இல் ‘மனோகரா’ வெளிவந்தது. தாம் இளமையில் ஏற்று நடித்த மனோகரன் வேடத்தில் சிவாஜி கணேசன் தோன்றியதைக் காணும் காலம்வரை சம்பந்தனார் வாழ்ந்திருந்தார். இந்திய அரசு 1959-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று அவர் காலமானார்.