விருந்தாளியை வரவேற்றது குற்றமா?

குழந்தைகளே! உங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருகிறார். வீட்டில் என்ன செய்வார்கள்? முதலில் ஒரு செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுவார்கள். இதற்காக யாராவது உங்களை நாட்டை விட்டே போகச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆனால் நம் மதுரையில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. அவர் பெயர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். அவருடைய கதையைத்தான் இன்று படிக்கப் போகிறீர்கள்.

கெய்தான் 1898-ஆம் ஆண்டு பிறந்தார். சொந்த ஊர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ளது. அது மிகவும் குளிரான பகுதி. குளிர்காலத்தில் அங்குள்ள ஏரிகள் உறைந்துவிடும். மக்கள் அவற்றின்மேல் நடந்தே போவார்கள்! அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர், 1925-ஆம் ஆண்டு வெயில் கொளுத்தும் மதுரைக்குக் கப்பலேறி வந்தார். அப்போது அவருக்கு 27 வயது.

எதற்காக வந்தார் தெரியுமா? அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு ஒன்று 1834 முதல் மதுரைப் பகுதியில் பணி செய்துவந்தது. அதற்கு 'அமெரிக்கன் மதுரை மிஷன்' என்று பெயர். பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் நடத்தியது. இன்று மதுரையில் புகழோடு விளங்கும் அமெரிக்கன் கல்லூரியும் அந்த மிஷன் 1881-இல் பசுமலையில் தொடங்கியதுதான். அந்த மிஷனின் பாதிரியாராகத்தான் கெய்தான் வந்தார். கல்வியும் கிராம முன்னேற்றமும் அந்த மிஷனின் பணிகளில் முக்கியமானவை.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பெரிய பங்களா, சுற்றிலும் மதில் சுவர், சமைக்கவும் பரிமாறவும் வேலைக்காரர்கள். கோடை வந்துவிட்டால் கொடைக்கானலுக்கு மலையேறிவிடுவார்கள். மிஷனைச் சேர்ந்தவர்கள் நல்லவர்கள்தான். மக்களுக்கு உதவத்தான் வந்தார்கள். ஆனாலும் கிராமத்து ஏழை ஒருவர் அந்த மதிலைத் தாண்டி உள்ளே போகத் தயங்குவார் அல்லவா?

நம்மவர்களும் அப்போது மதில்கள் கட்டித்தான் வைத்திருந்தார்கள். அவை சாதி என்னும் மதில்கள். ஒரு சாதியார் வீட்டில் இன்னொரு சாதியார் உண்ண மாட்டார்கள். ஒதுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைய முடிந்ததே 1939-இல்தான்.

இந்த இரண்டு மதில்களையும் கெய்தான் பார்த்தார். மக்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அவர்களோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று உணர்ந்தார். காந்தியடிகளின் எளிய வாழ்க்கை அவரைக் கவர்ந்தது. அவரும் கதர் உடுத்தினார். தம் கிறிஸ்தவ நம்பிக்கையை அவர் விடவில்லை. காந்தி காட்டிய அன்பு வழியும் இயேசு காட்டிய அன்பு வழியும் ஒன்றோடொன்று பொருந்துவதாகவே அவர் கண்டார்.

1930-ஆம் ஆண்டு வந்தது. அது உப்புச் சத்தியாக்கிரக ஆண்டு. காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். நம் தமிழ்நாட்டில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் என்ற ஆங்கிலேயர் ஓர் உத்தரவு போட்டார். அந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ சிறைத்தண்டனை! மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியில் உள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள். யார் கொடுத்தது என்று போலீசாரால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அதே ஆண்டில்தான் கெய்தானின் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அவர் பெயர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த இளைஞர். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன்பு காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார் அல்லவா? அதை டில்லிக்குக் கொண்டுபோனவர் இவர்தான். ஆங்கிலேயராக இருந்தும் கதர் உடுத்தி, தலையில் காந்தி குல்லாய் அணிந்திருந்தார். அந்தக் குல்லாயைக் கண்டாலே அன்றைய அதிகாரிகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கெய்தான் அவரை வாசலோடு திருப்பி அனுப்பவில்லை. வீட்டில் தங்கவைத்து உபசரித்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

ஆங்கிலேய அரசு அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு மிஷன்கள் அரசியலில் தலையிட மாட்டோம் என்று அரசுக்கு உறுதி கொடுத்த பிறகுதான் இந்தியாவில் பணி செய்ய முடியும். அதனால் மிஷனுக்கும் தர்மசங்கடம். கெய்தான் ஒருவருக்காகப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஆபத்தில் மாட்டிவிட முடியுமா? கடைசியில் கெய்தான் இந்தியாவை விட்டுப் போக நேர்ந்தது.

வேறொருவராக இருந்தால், இனி இந்த வம்பே வேண்டாம் என்று சொந்த ஊரிலேயே தங்கியிருப்பார். கெய்தான் அப்படி இருக்கவில்லை. சில ஆண்டுகளில் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூரில் ஏழை மக்களிடையே பணி செய்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு வந்த ஜெகந்நாதன் என்ற தமிழ் இளைஞர் அங்கே அவரோடு சேர்ந்துகொண்டார். பின்னாளில் மனைவி கிருஷ்ணம்மாளோடு சேர்ந்து, நிலமில்லாத ஏழைகளுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டாரே, அதே ஜெகந்நாதன்தான்!

1944-இல், விடுதலை இயக்கத்தாரோடு நெருக்கமாக இருக்கிறார் என்று கெய்தானை அரசு இரண்டாம் முறையும் வெளியேற்றியது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. கெய்தான் மறுபடியும் வந்துவிட்டார்! இந்த முறை அவரைப் போகச் சொல்ல யாரும் இல்லை.

அதே 1947-இல் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, சின்னாளப்பட்டி அருகே, டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கெய்தான் அங்கே அவர்களோடு இணைந்து பணியாற்றினார். எளிமையாக வாழ்ந்தார். இளைஞர்களுக்கு வழிகாட்டினார். வினோபா பாவே 1951-இல் பூமிதான இயக்கத்தைத் தொடங்கியபோது அதிலும் ஈடுபட்டார். நிலம் நிறைய வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் தானமாகக் கேட்டு, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதே அந்த இயக்கம். யோசித்துப் பாருங்கள்: நிலம் கிடைத்த ஏழை தினமும் சோற்றுக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டாமே! 'பில்கிரிமேஜ் இன் இந்தியா' என்ற பெயரில் தம் அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாகவும் எழுதினார். 1980-களில் அவர் காலமானார்.

திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் எது என்று உங்களுக்குத் தெரியும். விருந்தோம்பல்தான். அதிலுள்ள பத்துக் குறளையும் மனப்பாடமாக ஒப்பிப்பது எளிது. நமக்கு வேண்டியவர்களுக்குச் சோறு போடுவதும் எளிது. ஆனால் இவருக்குச் சோறு போட்டால் நமக்குத் தொல்லை வரும் என்று தெரிந்தும் கதவைத் திறக்கிறோமே, அப்போதுதான் அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தவர்கள் ஆகிறோம். ஏழு கடல் தாண்டி வந்த கெய்தான் அதை வாழ்ந்தே காட்டினார்.

இன்று உங்கள் வகுப்பில் வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கலாம். தமிழ் சரியாகப் பேசத் தெரியாததால் மதிய உணவு நேரத்தில் தனியாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். சேர்ந்து சாப்பிடக் கூப்பிட்டால் மற்ற நண்பர்கள் கேலி செய்வார்களோ என்று உங்களுக்குத் தயக்கமாக இருக்கலாம். இருக்கட்டுமே! நாளைக்கு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து உங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள்.