பூவின் கணக்கறிந்த ஜானகி அம்மாள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி)

பூக்களை அறியாதவர் நம் பகுதியில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் திருப்பதிக்குச் செல்கிறது. சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்கும் செல்கிறது. இராஜபாளையத்து மாந்தோப்புகளில் ஒட்டுக் கட்டும் வித்தையும் நமக்குப் புதிதன்று. ஆனால் ஒட்டுக்கன்று தாய்மரத்தின் பழத்தையே தரும். இதுவரை உலகில் இல்லாத ஒரு வகையைப் பிறப்பிப்பது வேறு கலை. அக்கலையில் உலகப் புகழ் பெற்ற பெண்மணி ஒருவர் சென்னையில் பயின்று, கோயம்புத்தூரில் ஆராய்ந்து, இறுதியில் தமிழ் மண்ணிலேயே கண்மூடினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரே டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்.

அவரது பணியின் அருமை விளங்க, முதலில் இலண்டன் நகரத் தோட்டக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் தாமஸ் ஃபேர்சைல்டு. இன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்படும் கார்னேஷனும், அதன் உறவான ஸ்வீட் வில்லியமும் டயாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 1717-ஆம் ஆண்டில் ஃபேர்சைல்டு ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றொன்றின் சூல்முடியில் வைத்தார். விதை உண்டாயிற்று, முளைத்தது, இரண்டின் சாயலும் கொண்ட புதுச்செடி ஒன்று பூத்தது. மனிதன் அறிந்தே செய்த தாவரக் கலப்புகளில் முதலாவது இதுவே என்பர். ஆனால் அச்செடி மலடு. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த விலங்கைப் போல அதற்கும் வாரிசு இல்லை. ஆகவே ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

ஏன் அது மலடாயிற்று? விடை செல்லுக்குள் இருக்கிறது. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது குரோமோசோம்கள் இணை சேர்ந்து பிரிய வேண்டும். கலப்புச் செடியில் தாய்வழி வந்தவையும் தந்தைவழி வந்தவையும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் இணை சேராது, விதையும் இல்லை. எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினாலோ ஒவ்வொன்றுக்கும் தன் இணை கிடைத்துவிடும். எனவே புதிய வகை காண விரும்புவோர் முதலில் எண்ணக் கற்க வேண்டும். ஜானகி அம்மாள் தம் வாழ்நாள் முழுவதும் செய்தது இந்த எண்ணும் பணியே.

அம்மையார் 1897 நவம்பர் 4-ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் சப்-ஜட்ஜ்; தோட்டத்திலும் பறவைகளிலும் மிகுந்த பற்றுடையவர். பெரிய குடும்பம் அது. சகோதரிகள் மணம் முடித்துச் செல்ல, ஜானகியோ படிப்பைத் தேர்ந்துகொண்டார். சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்று, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னை பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசியப் பெண்களுக்கென வழங்கப்பட்ட பார்பர் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

நீதிபதியின் மகளுக்கு நூல்களும் தோட்டமும் வீட்டிலேயே இருந்தன. நம்மில் பலருக்கு அப்படியில்லை. நம் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நாமே. ஆயினும் மணமா, படிப்பா என்ற கேள்வி அன்றும் இன்றும் ஒன்றேதான். முதலாண்டில் நம் அருகே அமர்ந்திருந்து, இரண்டாமாண்டில் வராமற்போன தோழியரை நினைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1934-இல் அம்மையார் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் மரபியலாராகச் சேர்ந்தார். சர் டி. எஸ். வெங்கடராமன் புகழுடன் விளங்கிய இடம் அது. இனிப்பு மிக்க கரும்பையும், ஆற்றோரங்களில் தானாக வளரும் நாணலையும் கலந்து பெற்ற கோ 205 என்னும் வகை 1918-இலேயே அங்கிருந்து வெளிவந்திருந்தது. அம்மையார் நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து, அந்த அரிய கலப்பைப் பற்றி 1938-இல் எழுதினார். 1935-இல் இந்திய அறிவியல் அகாதமியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் தனித்து வாழ்ந்த பெண் என்பதும், தாழ்த்தி எண்ணப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதும் அந்நாளில் அவருக்கு இடையூறாக இருந்தன என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர்.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார்; போர் மூண்டது; இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டுகள் விழுந்த இலண்டனில், ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் நுண்ணோக்கியின்முன் அமர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். அந்த உழைப்பின் பயனாக, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த பெருநூல் 1945-இல் சி. டி. டார்லிங்டனும் அவரும் சேர்ந்து எழுதியதாக வெளிவந்தது.

பின்னர் விஸ்லியிலுள்ள அரச தோட்டக்கலைக் கழகம் அவரைப் பணிக்கு அழைத்தது. அங்கே மக்னோலியா நாற்றுகளைக் கால்சிசின் என்னும் மருந்தில் பக்குவம் செய்தார். கால்சிசின் நமக்கு அந்நியமானதன்று. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருள் அதுவே. செல் பிரியும் வேளையில் அது குறுக்கிட்டால், இரட்டித்த குரோமோசோம்கள் இரு செல்களாகப் பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். முப்பத்தெட்டு எழுபத்தாறாகும், இலை தடிக்கும், இதழ் கனக்கும். அந்த நாற்றுகள் மரங்களாகி விஸ்லிக் குன்றில் பூத்தன. அவற்றுள் வெண்ணிறப் பூப்பூக்கும் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர்.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. முதுமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, மதுரவாயலிலுள்ள அதன் ஆய்வுக்கூடத்தில் ஓயாது உழைத்தார். புதிய செடிகளைப் படைக்கக் கற்றவர், பழைய காடு அழிவதைப் பொறுக்கவில்லை. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கை நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிப்பதை எண்பது வயதைக் கடந்த நிலையிலும் எதிர்த்தார். கலப்புக்கு வேண்டிய முதல் காட்டிலல்லவா இருக்கிறது! 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயலில் அவர் உயிர் நீத்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன் தம்பதியர் தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டியுள்ளனர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பின் பெயரில் நிற்கும் செண்பகமும் மக்னோலியா பேரினமே. விஸ்லியில் அவர் பெயர் தாங்கி நிற்கும் மரத்துக்கு நம் ஊர் மரம் உறவுமுறை என்றால் மிகையாகாது.

மாணவ நண்பர்களே! வெங்காய வேர் நுனியைச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, குரோமோசோம்களைத் தேடும் செய்முறை வகுப்பு நமக்கும் உண்டு. அம்மையாரின் கல்வியும் இத்தகைய நுண்ணோக்கி ஒன்றின் முன்தான் தொடங்கியது. நூலில் பதினாறு என்று போட்டிருக்கிறதே என்று பார்க்காமலே எழுதிவிட்டு நகராமல், ஒவ்வொன்றாக நாமே எண்ணுவோம். நம் வீட்டின் முதல் பட்டத்தை அப்படி எண்ணிப் பெறுவதே அவருக்கு நாம் சூட்டும் மாலை.