மைதானம் கட்ட மக்கள் வரிப்பணமா? ஒரு ஊரையே அழவைத்த டாட்ஜர்ஸ் முதலாளி வால்டர் ஓமாலியின் கதை

அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்தில் 50 வருஷத்துக்கும் மேலாக விளையாடிய ஏ'ஸ் பேஸ்பால் அணி, 2024-ம் ஆண்டோடு அந்த ஊரைக் காலி செய்துவிட்டது. அடுத்த நிரந்தர முகவரி லாஸ் வேகாஸ். அங்கே கட்டப்படும் புதிய ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் கொடுக்க, நெவாடா மாகாணம் 2023-லேயே சட்டம் போட்டது. அதே 2024-ல் கன்சாஸ் சிட்டி பகுதியில் ஸ்டேடியங்களுக்காக விற்பனை வரியை நீட்டிக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கோடிகளில் புரளும் முதலாளியின் அணிக்கு ஏன் சாதாரண மக்களின் வரிப்பணம் போகணும்? அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்று நேற்று தொடங்கியதில்லை. இதைப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் இழுக்கும் ஒரு பெயர் உண்டு. வால்டர் ஓமாலி. இறந்து 45 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நியூயார்க்கின் புரூக்ளினில் அவரைத் திட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள்.

யார் இவர்? அப்படி என்னதான் செய்தார்?

யார் இந்த வால்டர் ஓமாலி?

1903 அக்டோபர் 9-ம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். அப்பா எட்வின் ஓமாலி, நகரச் சந்தைகளின் ஆணையராக இருந்தவர். அதனால் நகர அரசியல் எப்படி ஓடும், யாரைப் பிடித்தால் எந்தக் கோப்பு நகரும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே இவருக்குத் தெரிந்த விஷயம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1926-ல் பட்டம் வாங்கினார். பிறகு சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1931-ல் கே ஹான்சனைத் திருமணம் செய்துகொண்டார். திருமணத்துக்கு முன்பே கே-வுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல் போயிருந்தது. கிசுகிசுப்பாக மட்டும்தான் பேச முடியும். அது தெரிந்தேதான் கல்யாணம். கடைசிவரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

பேஸ்பாலுக்குள் இவர் வந்தது விளையாட்டு வீரராக இல்லை, வக்கீலாக. 1943-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் சட்ட ஆலோசகர் ஆனார். அடுத்த இரண்டு வருஷத்தில் அணியின் பங்குகளையும் வாங்க ஆரம்பித்தார். அவரோடு பங்குதாரராக இருந்தவர் பிராஞ்ச் ரிக்கி. 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைக் களமிறக்கி, பெரிய லீக்குகளில் பல பத்தாண்டுகளாக இருந்த நிறவெறித் தடையை உடைத்தவர் அந்த ரிக்கிதான். 1950-ல் ரிக்கியின் பங்கை சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கி, ஓமாலி அணியின் தலைவர் ஆனார்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்க பேஸ்பால் அணிகள், நம்ம ஊர் ஐபிஎல் அணிகள் மாதிரி தனியார் சொத்து. பெயரில் ஊர் இருக்கும். ஆனால் அணி ஊருக்குச் சொந்தம் கிடையாது. முதலாளி நினைத்தால், லீக் சம்மதித்தால், வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம்.

டாட்ஜர்ஸ் விளையாடிய மைதானம் எபெட்ஸ் ஃபீல்டு. 1913-ல் திறந்தது. சுமார் 32,000 பேர்தான் உட்கார முடியும். கார் நிறுத்த இடம் சுமார் 700 மட்டுமே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புரூக்ளின் நடுத்தரக் குடும்பங்கள் பல புறநகருக்குக் குடிபோய்விட்டன. அவர்கள் மேட்ச் பார்க்கக் காரில்தான் வரணும். வந்தால் நிறுத்த இடம் இல்லை.

1953-ல் இன்னொரு சம்பவம் நடந்தது. பாஸ்டன் நகரத்தின் பிரேவ்ஸ் அணி மில்வாக்கிக்கு இடம் மாறியது. அங்கே மக்கள் பணத்தில் கட்டிய புத்தம் புது ஸ்டேடியம் தயாராக இருந்தது. கூட்டம் அள்ளியது. 1955-ல் டாட்ஜர்ஸ் முதல்முறையாக உலகத் தொடரை ஜெயித்து சாம்பியன் ஆன வருஷத்தில்கூட, எபெட்ஸ் ஃபீல்டுக்கு வந்தவர்கள் சுமார் 10 லட்சத்து 33 ஆயிரம் பேர். மில்வாக்கிக்கோ 20 லட்சத்துக்கும் மேல். கூட்டம் குறைந்தால் வருமானம் குறையும். நல்ல வீரர்களைத் தக்கவைப்பது கஷ்டம். ஓமாலி கணக்குப் போட்டார். இந்தப் பழைய மைதானத்தை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று முடிவுக்கு வந்தார்.

சொந்தப் பணத்தில் கட்டுகிறேன் என்றவருக்கு அரசு ஏன் மறுத்தது?

இங்கேதான் கதை சிக்கலாகிறது.

ஸ்டேடியம் கட்ட அரசுப் பணம் வேண்டாம், கட்டடச் செலவு என்னுடையது என்பதுதான் ஓமாலியின் நிலைப்பாடு. அவர் கைகாட்டிய இடம், புரூக்ளினில் அட்லாண்டிக் அவென்யூவும் ஃபிளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கும் பகுதி. ரயில், சப்வே எல்லாம் வந்து சேரும் இடம். கூரை போட்ட ஸ்டேடியம் கட்டலாமா என்று, புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரை வைத்து 1955-ல் மாதிரிகூடத் தயாரானது.

ஆனா ஒரு பிரச்சினை. அந்த இடம் பல பேருடைய சொத்துகளாகத் துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் பேசி வாங்கப் போனால் விலை எங்கேயோ போய்விடும். அதனால் அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி நிலத்தைக் கையகப்படுத்தி, தனக்கு நியாயமான விலையில் விற்கணும் என்று கேட்டார்.

இதற்கு அவர் காட்டிய வழி, 1949-ம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவுப்படி, பாழடைந்த பகுதியை நகர நிர்வாகம் கையகப்படுத்தி, தனியாருக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம். அதில் வரும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும்.

அப்படியென்றால் இதுவும் அரசு உதவிதானே? ஆமாம். கட்டடத்துக்கு வரிப்பணம் இல்லை. ஆனால் நிலத்தின் விலையைக் குறைக்க வரிப்பணமும் அரசு அதிகாரமும் தேவை. நேரடி மானியம் இல்லாவிட்டாலும் மறைமுக மானியம்.

குறுக்கே நின்றவர் ராபர்ட் மோசஸ். தேர்தலில் ஒருமுறைகூட ஜெயிக்காதவர். ஆனால் நியூயார்க்கில் பாலம், சாலை, பூங்கா, குடிசை மாற்று என்று ஒரே நேரத்தில் பல பதவிகளை வைத்திருந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் பெரிய கட்டுமானம் எதுவும் நகராது. ஒரு தனியார் அணியின் ஸ்டேடியம் பொது நோக்கம் ஆகாது, அந்தச் சட்டத்தை இதற்குப் பயன்படுத்த முடியாது என்று அவர் மறுத்துவிட்டார்.

அதற்குப் பதிலாக மோசஸ் ஒரு யோசனை சொன்னார். குயின்ஸ் பகுதியின் ஃபிளஷிங் மெடோஸில் நகரமே ஸ்டேடியம் கட்டும், டாட்ஜர்ஸ் வாடகை கொடுத்து விளையாடலாம். ஓமாலிக்கு இதில் இஷ்டமில்லை. சொந்த ஸ்டேடியம்தான் அவருக்கு வேணும். தவிர, குயின்ஸுக்குப் போனால் அது புரூக்ளின் அணியே இல்லை என்பது அவர் வாதம்.

1956-ல் மாகாண அரசு புரூக்ளின் விளையாட்டு மையத்துக்கென ஓர் ஆணையத்தை அமைத்தது. பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டும் திட்டம் அது. ஆனால் நகர நிர்வாகம் ஆர்வம் காட்டாததால் காகிதத்தோடு நின்றுபோனது.

லாஸ் ஏஞ்சல்ஸ் எப்படி உள்ளே வந்தது?

ஓமாலி சும்மா இருக்கவில்லை. 1956-லேயே எபெட்ஸ் ஃபீல்டை ஒரு ரியல் எஸ்டேட் முதலீட்டாளருக்கு விற்றுவிட்டு, அங்கேயே வாடகைக்கு விளையாடினார். 1956, 57 ஆண்டுகளில் சில மேட்ச்களை பக்கத்து மாகாணத்தின் ஜெர்சி சிட்டியில் நடத்தினார். நான் போகத் தயார் என்பதற்கான சிக்னல் அது. 1957 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சல்ஸில் விளையாடிய ஒரு சிறிய லீக் அணியையும் அதன் ரிக்லி ஃபீல்டு மைதானத்தையும் வாங்கினார். மே மாதம் அந்த நகரத்தை ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்தார். நகரத்தின் மையத்துக்கு அருகே, நெடுஞ்சாலைகளை ஒட்டி, கிட்டத்தட்ட காலியாகக் கிடந்த ஒரு மலைப்பகுதி கண்ணில் பட்டது. பெயர் சாவேஸ் ரவீன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மன்ற உறுப்பினர் ரோசலிண்ட் வைமன் போன்றவர்கள், எப்படியாவது ஒரு பெரிய லீக் அணியைக் கொண்டுவந்தே தீருவது என்று தீவிரமாக இருந்தார்கள். 1957 அக்டோபர் 7-ம் தேதி, நகர மன்றம் 10-க்கு 4 என்ற கணக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. மறுநாளே டாட்ஜர்ஸ் இடம் மாறுவதாக அறிவிப்பு வந்தது. நியூயார்க்கின் ஜயன்ட்ஸ் அணியும் அதே சமயத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. புரூக்ளின் மக்களுக்கு அது வீட்டில் எழவு விழுந்த மாதிரி.

ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

நகரம் கொடுத்தது: சுமார் 300 ஏக்கர் நிலம். அதைச் சமன்படுத்த 20 லட்சம் டாலர். சாலைகளுக்காகக் கவுண்டி நிர்வாகம் தர ஒப்புக்கொண்டது சுமார் 27 லட்சம் டாலர்.

ஓமாலி கொடுத்தது: தன் ரிக்லி ஃபீல்டு மைதானத்தை நகரத்துக்கு. 50,000 பேர் அமரும் ஸ்டேடியத்தைச் சொந்தச் செலவில் கட்டுவார். தனியார் சொத்து என்பதால் வருஷா வருஷம் சொத்து வரியும் கட்டுவார்.

இது நியாயமான பண்டமாற்றா, இல்லை பொதுச் சொத்தைத் தாரைவார்த்ததா? ஊரே இரண்டாகப் பிரிந்தது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வாங்கி, 1958 ஜூன் 3-ம் தேதி பொது வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள். இரண்டு நாளுக்கு முன்பு, அணிக்கு ஆதரவாக டிவியில் ஐந்து மணிநேர நேரலை நிகழ்ச்சி நடந்தது. அதில் தோன்றிய நடிகர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்ததில், சுமார் 25,000 வாக்கு வித்தியாசத்தில்தான் ஒப்பந்தம் தப்பியது.

பிறகு கோர்ட். கீழ் நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாது என்றது. 1959 ஜனவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, செல்லும் என்றது. அதே அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

அந்த நிலம் யாருடையது?

இந்தக் கதையின் வலியான பகுதி இதுதான்.

சாவேஸ் ரவீன் எப்போதும் காலி நிலமாக இருந்ததில்லை. பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் அங்கே இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி மக்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், ஆடு கோழியோடு ஒரு கிராமம் மாதிரி வாழ்ந்தவர்கள். 1950-ல் அரசு அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. இங்கே பொது வீட்டுவசதித் திட்டம் வருகிறது, காலி செய்யுங்கள், புதிய வீடுகளில் உங்களுக்குத்தான் முன்னுரிமை என்றது. சுமார் ஆயிரம் குடும்பங்களில் பெரும்பாலானவை போய்விட்டன.

ஆனா அந்த வீடுகள் கட்டப்படவே இல்லை. அரசு வீடு கட்டிக் கொடுப்பதே கம்யூனிசம் என்று பிரசாரம் நடந்த காலம் அது. திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த நாரிஸ் பவுல்சன் 1953-ல் மேயர் ஆனார். திட்டம் ரத்தானது. பொது நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தணும் என்ற நிபந்தனையோடு நிலம் நகரத்தின் கைக்கு வந்தது. அதே நிலம்தான் ஓமாலிக்குப் போனது.

சில குடும்பங்கள் கடைசிவரை நகரவில்லை. 1959 மே மாதம் போலீஸ் அதிகாரிகள் வந்து, அங்கிருந்த ஒரு குடும்பத்துப் பெண்களைக் கைகாலைப் பிடித்துத் தூக்கி வெளியேற்றினார்கள். உடனே புல்டோசர் வீட்டை இடித்தது. டிவி கேமராக்கள் முன்னால் நடந்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

மக்களை வெளியேற்றத் தொடங்கியது ஓமாலி இல்லை, அரசு. அவர் அந்த ஊருக்கு வருவதற்கு ஏழு வருஷம் முன்பே அது ஆரம்பித்துவிட்டது. ஆனால் வீட்டுக்காக என்று வாங்கிய நிலம் ஸ்டேடியமாக மாறியதில் லாபம் பார்த்தவர் அவர். இரண்டும் உண்மை.

ஸ்டேடியம் வந்ததா?

சொன்னபடி கட்டினார். சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர் செலவு. 1923-ல் வந்த யாங்கி ஸ்டேடியத்துக்குப் பிறகு, ஒரு பெரிய லீக் அணி தனியார் பணத்தில் கட்டிய முதல் ஸ்டேடியம் இது. 56,000 இருக்கைகள், 16,000 கார்களுக்குப் பார்க்கிங். 1962 ஏப்ரல் 10-ம் தேதி திறப்பு விழா. சம்பிரதாயமான முதல் பந்தை வீசியவர் மனைவி கே.

அந்த ஆண்டே 27 லட்சம் பேருக்கு மேல் மேட்ச் பார்க்க வந்தார்கள். அணி 1959, 63, 65 ஆண்டுகளில் சாம்பியன் ஆனது. 1970-ல் மகன் பீட்டரிடம் தலைவர் பதவியை ஒப்படைத்தார். 1978-ல், ஒரே சீசனில் 30 லட்சம் பார்வையாளர்களைத் தொட்ட முதல் அணி ஆனது டாட்ஜர்ஸ். 1979 ஜூலையில் கே இறந்தார். ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, ஆகஸ்ட் 9-ம் தேதி ஓமாலியும் போய்விட்டார். வயது 75. பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைக்க 2008 வரை ஆனது.

எபெட்ஸ் ஃபீல்டு 1960-ல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. மோசஸ் கைகாட்டிய ஃபிளஷிங்கில் நகரப் பணத்தில் ஷே ஸ்டேடியம் எழுந்து, 1964-ல் மெட்ஸ் என்ற புதிய அணி அதில் விளையாட ஆரம்பித்தது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஓமாலி போனதிலிருந்து எல்லா நகரங்களும் ஒரு பயத்தைக் கற்றுக்கொண்டன. சாம்பியன் அணியே ஊரைவிட்டுப் போகும் என்றால், எந்த அணியும் போகும். ஸ்டேடியம் கட்டித் தராவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று முதலாளிகள் மிரட்ட, நகரங்கள் கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டித் தருவது வழக்கமானது. அந்தக் கடனை அடைப்பது வரி கட்டும் மக்கள். வேலைவாய்ப்பு வரும், வியாபாரம் பெருகும் என்பார்கள். போட்ட பணத்துக்கு ஈடாகப் பலன் வருவதில்லை என்பதுதான் பெரும்பாலான பொருளாதார ஆய்வாளர்களின் முடிவு. ஸ்டேடியத்தில் செலவாகும் பணம், அதே ஊரில் சினிமாவுக்கோ ஹோட்டலுக்கோ போயிருக்கும் பணம்தான்.

தப்பு யார் மேல்? நிலம் தர மறுத்த மோசஸ் மேலா, லாபம் தேடிப் போன ஓமாலி மேலா? வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வீடு இழந்த சாவேஸ் ரவீன் குடும்பங்களுக்கு இழப்பீடு பற்றிய மசோதா ஒன்றை கலிஃபோர்னியா சட்டமன்றம் 2024-ல் நிறைவேற்றியது. ஆளுநர் அதை நிராகரித்துவிட்டார்.

இனி ஏதாவது ஒரு ஊரில் ஸ்டேடியத்துக்கு ஒரு பைசாகூட அரசுப் பணம் இல்லை என்று சொன்னால், ஓமாலியின் கதையை நினைவில் வைத்து மூன்று கேள்வி கேட்கலாம். நிலம் யாருடையது? சாலை போடுவது யார்? அங்கே முன்னாடி குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்?