துணிமூட்டையோடு தோட்டத்துக்குள் நுழைந்த பத்திரிகையாளர்

ஒரு சமூகத்தைப் பத்திரிகையால் தட்டியெழுப்ப முடியும் என்பதை நமக்குக் காட்டியவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை. 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பற்றி நம்மில் பலர் அறிவோம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக அந்த வேலையைச் செய்த கோ. நடேசய்யரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். அங்கே வர்த்தகப் பத்திரிகை நடத்தினார். வியாபாரிகள் விடயமாகவே கொழும்புக்கு வந்தார். தோட்டத்து நிலைமையை நேரில் பார்க்க விரும்பினார். ஆனால் அன்று தோட்டம் துரையின் தனி இராச்சியம். அழைப்பில்லாமல் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. புடவை வியாபாரிக்கு மட்டும் வழிவிட்டார்கள். நம் முன்னோர் பலரும் மூட்டை சுமந்து ஏறிய வழிதான் அது. நடேசய்யரும் துணி விற்பவராக வேடமிட்டு லயங்களுக்குள் போனார். கங்காணியின் கடன் தொழிலாளியை எப்படிக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதை அங்கே கண்டார்.

1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’. தோட்டங்களிலிருந்து வந்த முறைப்பாடுகள் அதில் அச்சேறின. தன் லயத்துக் கதை கொழும்பில் அச்சாகிறது என்பது தொழிலாளிக்குச் சின்ன விடயமல்ல, துரைக்கும்தான்.

ஆனால் பெரும்பாலானோருக்கு வாசிக்கத் தெரியாதே? அதற்கு விடை கண்டவர் அவரது துணைவியார் மீனாட்சி அம்மையார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாட்டுக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். சிறு நூல்களாகவும் வெளியிட்டார். பத்திரிகையை வெளியில் நிறுத்தலாம், பறிமுதல் செய்யலாம். கொழுந்து பறிப்பவளின் வாயில் இருக்கும் பாட்டை எந்தத் துரை பறிப்பார்? என்னைக் கேட்டால், இருவரில் தொழிலாளரை அதிகம் நெருங்கியவர் அம்மையாரே.

தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து உழைத்து, பிறகு பிரிந்து, ஹட்டனுக்கு வந்தார் நடேசய்யர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. எல்லாவற்றையும் தன் தோளிலேயே சுமந்தது அவருடைய பலவீனம். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வந்ததும் அவரது சங்கம் மங்கத் தொடங்கியது.

1947 நவம்பரில் காலமானார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைச் சபைக்கு அனுப்பிய மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள், வாக்கும் பறிபோனது. ‘தேசபக்தன்’ நின்றுபோய் அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன.