பேய்விரல் விலங்கும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும்

புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டு போன்ற ஊர்களில், இரவில் ஆந்தை அலறினால் இழவு விழும் என்று அஞ்சும் பெரியவர்கள் உண்டு. கடலுக்கு அப்பால் மடகாஸ்கர் தீவிலும் அத்தகைய அச்சம் உண்டு. அங்கே அஞ்சப்படுவது ஆந்தையன்று. நள்ளிரவில் மரத்தைத் தட்டித் திரியும் ஒரு விலங்கு! இருளில் ஒளிரும் கண்கள், அகன்ற காதுகள், எலும்பாய் மெலிந்த நீண்ட நடுவிரல். அவ்விரலை யார்மீது நீட்டுகிறதோ, அவருக்குச் சாவு நிச்சயம் என்பது நம்பிக்கை. ஆகவே கண்ட இடத்திலேயே அதைக் கொன்றுவிடுவதும் உண்டு.

'ஐ-ஐ' என்னும் இவ்விலங்கைப் பற்றி உலகுக்கு முதலில் எழுதியவர், புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த பியேர் சொன்னரா.

1748இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்த அவர், 1768இல் மொரீசியஸ் தீவை அடைந்தார். அங்கே நிர்வாகியாயிருந்த உறவினர் பியேர் புவாவ்ரிடம் வேலை. டச்சுக்காரர் காவலில் இருந்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவரப் புறப்பட்ட கப்பலில் 1771இல் அவரும் சென்றார்.

இளமை வேகம் அவரைச் சறுக்கிவிட்டது. 1776இல் நியூகினிப் பயணம் என்று ஒரு நூல் வெளியிட்டார். உண்மையில் அத்தீவில் அவர் கால் வைத்ததேயில்லை! அங்கே இல்லாத பென்குயின்களையும் அத்தீவின் பறவைகளாக வருணித்துவிட்டார். அந்தப் பிழையால் பென்குயின் வகை ஒன்றின் அறிவியல் பெயரில் 'பாப்புவா' என்ற சொல் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் 1782இல் வந்த அவரது இந்திய, சீனப் பயண நூலில் 'ஐ-ஐ' விஷயம் கேள்விப்பட்ட கதையன்று. ஆணும் பெண்ணுமாக இரண்டை அவரே வளர்த்துப் பார்த்தார். சமைத்த சோற்றைக் கொடுத்தார். அஞ்சத்தக்க அந்த மெல்லிய விரலைச் சீனர் குச்சிபோலப் பயன்படுத்தி, அவை அமைதியாக உண்டன. இரண்டு மாதமளவே உயிர்வாழ்ந்தன.

பிற்காலத்தார் அவ்விரலின் வேலையை முழுதும் அறிந்தனர். இந்திய நிலத்திலிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மடகாஸ்கரில் மரங்கொத்திகள் இல்லை. அந்தத் தொழிலை இந்தக் குரங்கினத்து உறவு ஏற்றுக்கொண்டது. மரத்தைத் தட்டி, உள்ளிருக்கும் புழுவின் இடத்தைக் காதால் அறிந்து, பல்லால் துளைத்து, விரலால் இழுத்துத் தின்கிறது. அவ்வளவே!

சொன்னராவின் இறுதிக்காலம் கசப்பானது. 1793இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1813 வரை அவர்களுடைய கைதியாகவே கழித்து, தாயகம் திரும்பி, 1814இல் பாரிசில் மறைந்தார். தமிழகத்து மலைக்காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் அவர் பெயர் வாழ்கிறது.

காடு அழிவதாலும், மனிதரின் அச்சத்தாலும் 'ஐ-ஐ' இன்று அருகிவருகிறது. காணாத தீவைக் கண்டதாக எழுதியபோது தவறிய சொன்னரா, அருகிலிருந்து பார்த்தபோது தவறவில்லை. பேய்விரல் என்று பிறர் நடுங்கிய இடத்தில், சோறு உண்ணும் ஒரு கையை அவர் கண்டார்.