அட்டையில் தன் படம் வேண்டாம் என்ற ஆட்டக்காரர்

சீட்டுக்கட்டில் உள்ள சீட்டைவிடச் சிறிய அட்டை அது. சிகரெட் பெட்டிக்குள் இலவசமாகப் போட்டுக் கொடுத்தது. 2022-ம் ஆண்டில் அத்தகைய அட்டை ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று!

அட்டையில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர். அமெரிக்காவின் பேஸ்பால் வீரர். அந்த அட்டை வேண்டவே வேண்டாம் என்று தடுத்தவரும் அவரேதான்.

சுரங்கத்துச் சிறுவன்

1874-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே வாக்னர் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார்.

அண்ணன் ஆல்பர்ட்டும் பந்தாட்டக்காரர். அவர்தான் தம்பியை 1895-ல் ஒரு சிறிய குழுவில் சேர்த்துவிட்டார். இரண்டே ஆண்டில் லூயிவில் குழு அவரை எடுத்துக்கொண்டது. 1900-ல் சொந்த ஊர்க் குழுவான பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு வந்தார். 1917-ல் ஓய்வு பெறும்வரை வேறு குழுவுக்குப் போகவில்லை.

பார்த்தால் ஆட்டக்காரர் என்றே தோன்றாது. வளைந்த கால்கள், அகன்ற மார்பு, முறம் போன்ற கைகள். ஆனால் ஓடத் தொடங்கினால் பிடிக்க முடியாது. அடிப்பவரின் சராசரியில் எட்டுத் தடவை தேசிய லீகில் முதலிடம் அவருக்கே. 1909-ல் உலகத் தொடர் போட்டியில் டெட்ராய்ட் குழுவையும் அதன் சூரர் டை காபையும் பிட்ஸ்பர்க் தோற்கடித்தது. அந்தத் தொடரில் காப் சோபிக்கவில்லை. அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த வாக்னர் வெளுத்துக் கட்டினார்.

பத்து டாலர் செக்

அதே ஆண்டில்தான் அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி ஆட்டக்காரர்களின் வண்ணப் படங்களை அட்டையில் அச்சிட்டது. சிகரெட் நசுங்காமல் காக்க அட்டை. விற்பனை பெருகப் படம். வாக்னரின் சம்மதத்தை வாங்கித் தந்தால் 10 டாலர் தருவதாக ஒரு பிட்ஸ்பர்க் நிருபரிடம் கம்பெனி பேசியது. வாக்னர் மறுத்துக் கடிதம் எழுதினார். நண்பருக்கு நஷ்டம் வரக்கூடாதே என்று 10 டாலருக்குத் தம் சொந்தச் செக்கையும் உள்ளே வைத்து அனுப்பினார்! 1912-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை இச்செய்தியை வெளியிட்டது.

ஏன் மறுத்தார்? படத்துக்காகச் சிறுவர்கள் சிகரெட் வாங்கிக் கெட்டுப்போவார்களே என்று வருந்தினார் என்பது ஒரு கட்சி. கம்பெனி உரிய பணம் தரவில்லை என்பது இன்னொரு கட்சி. வாக்னர் தாமே புகையிலை மெல்லுபவர். 1905-ல் பேஸ்பால் மட்டையில் தம் கையெழுத்தைப் பொறிக்க ஒப்பந்தம் செய்தவர். தம் பெயரின் மதிப்பை அறியாதவர் அல்ல. ஆனாலும் பணமே குறியென்றால், கைப்பணத்தை அனுப்புவாரா? முதல் கட்சியே பொருத்தமாகப் படுகிறது.

கம்பெனி அச்சை நிறுத்தியது. அதற்குள் வெளியே போனவை போனவைதான். இன்று அறியப்பட்டவை ஏறக்குறைய ஐம்பது, அறுபது.

அரிய அட்டை எது?

பழைய அட்டையெல்லாம் அரிய அட்டை ஆகிவிடாது. 1909 முதல் 1911 வரை வந்த இந்த வரிசையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு. பெரும்பாலானவை ஏராளமாகக் கிடைப்பவை. காபின் படமே நான்கு விதம். சிவப்புப் பின்னணிப் படம் கிடைக்கும். பச்சைப் பின்னணிப் படம் அதைவிட அரிது. அட்டையின் முதுகையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பதினாறு சிகரெட் பெயர்களில் எதன் விளம்பரம் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். காபின் பெயரிலேயே விளம்பரம் உள்ள முதுகு, கிடைத்தற்கரியது. மகீ என்ற ஆட்டக்காரரின் பெயரை அச்சகத்தார் ஓர் எழுத்துப் பிசகி அச்சிட்டுப் பிறகு திருத்தினார்கள். திருத்தியது மலிவு, பிழைதான் கிராக்கி!

இவற்றையெல்லாம் வகை பிரித்தவர் ஜெபர்சன் பர்டிக். மின்சாதனத் தொழிற்சாலைத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் கைவிரல் முடங்கியவர். இந்த வரிசைக்கு டி-206 என்று பெயரிட்டவரும் அவரே. 'டி' என்றால் புகையிலை. அவருடைய பட்டியலின் 1960-ம் ஆண்டுப் பதிப்பில் சாதாரண அட்டைகளுக்குச் சில்லறைக் காசு; வாக்னருக்கு 50 டாலர். தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்து, தாமே ஒட்டி முடித்த பர்டிக் 1963-ல் மறைந்தார்.

கடைசி நாட்கள்

1936-ல் பேஸ்பால் புகழ்மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஐவரில் வாக்னரும் ஒருவர். பேப் ரூத்துக்குக் கிடைத்த அதே 215 வாக்குகள் அவருக்கும். 1933 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பழைய குழுவுக்கே பயிற்சியாளராக இருந்தார். 1955-ல் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை எழுந்தது. உடல் தளர்ந்த நிலையிலும் விழாவுக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி காலமானார்.

அட்டை மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. முனை மழுங்காத ஒன்று 1991-ல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கும், 2007-ல் 28 லட்சம் டாலருக்கும் கைமாறிற்று. அட்டையின் நிலைக்கு 10 வரை மதிப்பெண் உண்டு. அதற்கு 8 கிடைத்திருந்தது. அதை முன்பு விற்ற வியாபாரி, ஓரங்களைத் தாம் நறுக்கிச் சீர்செய்ததாக 2013-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்.