கல்விக் கடல் மௌலானா அப்துல் அலீ (ரஹ்)

நம் தர்மபுரி மாவட்டத்திலிருந்து சென்னை செல்லும் சகோதரர்களில் பலர் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் தொழுதிருப்பார்கள். அங்கே அடங்கியிருக்கும் மாமேதை ஒருவரின் வரலாற்றை இம்மாதம் காண்போம்.

ஹிஜ்ரி 1144ல் (கி.பி. 1731) லக்னோவில் அப்துல் அலீ அவர்கள் பிறந்தார்கள். நம் நாட்டு மதரஸாக்கள் பலவற்றில் ஓதப்படும் நிஜாமிய்யா பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களே தந்தையும் உஸ்தாதும் ஆவார்கள். 1748ல் தந்தை வபாத்தானார்கள். பின்னர் மகனார் லக்னோவை விட்டு ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்துப் புஹார் ஆகிய ஊர்களில் ஓதிக் கொடுத்தார்கள். நிறைவாக ஆற்காடு நவாப் முஹம்மதலி வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து, இறுதிவரை இங்கேயே கல்விப் பணி புரிந்தார்கள். கல்விக் கடல் என்ற பொருளில் பஹ்ருல் உலூம் எனப் போற்றப்பட்டார்கள்.

முஹிப்புல்லாஹ் பிஹாரீ (ரஹ்) அவர்களின் ஸுல்லமுல் உலூம் என்ற மன்திக் கிதாபுக்கு அன்னார் ஷரஹ் எழுதினார்கள். மார்க்கத்தில் மன்திக் எனும் தர்க்கக் கலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

கள்ளும் பதநீரைப் போல மரத்திலிருந்து இறங்குவதுதானே, அது எப்படி ஹராமாகும் என்று ஒருவர் வாதிடுகிறார். இதை மன்திக்கின் வரிசையில் வைப்போம். கள் மரத்திலிருந்து இறங்குவது. இது ஸுக்ரா எனும் முதல் வாக்கியம். மரத்திலிருந்து இறங்குவதெல்லாம் ஹலால். இது குப்ரா எனும் பொது வாக்கியம். அவர் வாயால் சொல்லாமல் மறைத்தது இதைத்தான்! பதநீர் ஹலால் என்பதால் மரத்திலிருந்து இறங்குவதில் சில ஹலால் என்றுதான் ஆகும். எல்லாம் என்று ஆகாது. குப்ரா பொதுவாக இல்லையெனில் முடிவு பிறக்காது.

இப்போது சரியான வடிவம்: கள் போதை தருவது, போதை தருவதெல்லாம் ஹராம், ஆகவே கள் ஹராம். இரு வாக்கியங்களையும் இணைப்பது போதை என்ற நடுச்சொல். இங்கே குப்ரா நம் கற்பனையன்று. நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த விதி. மன்திக் சட்டத்தை உண்டாக்குவதில்லை. சட்டத்தை அதற்குரிய இடத்தில் வைத்துக் காட்டுகிறது.

அதனால்தான் ஸுல்லமுக்கு ஷரஹ் எழுதிய அதே கை, தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ்ஜு ஆகிய கடமைகளை விளக்கும் நூலையும் எழுதியது. ஹிஜ்ரி 1225ல் (கி.பி. 1810) அன்னார் வபாத்தானார்கள்.

நம் வீட்டில் மார்க்கப் பேச்சு எழும்போது, மறைந்து நிற்கும் பொது வாக்கியம் எது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகுவோம். அல்லாஹ் அன்னாரின் கபுரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.